மண்ணுக்குப் பரிசோதனை உண்டு, வீட்டுக்கு? மின் கணக்கெடுப்பைப் புரிந்துகொள்வோம்

மண் பரிசோதனை செய்யாமல் உர மூட்டையை இறக்குவது வீண் செலவு என்பது விவசாயிகளுக்குத் தெரியும். எந்தச் சத்து குறைவு, எது போதுமான அளவு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கையிலுள்ள பணத்தை உரத்துக்குச் செலவிட வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கும் இதே விதிதான். ஆனால் மின் கட்டணம் கூடியதும் நாம் செய்வது என்ன? பக்கத்து வீட்டில் வாங்கினார்கள் என்று மின்விசிறியை மாற்றுகிறோம். விற்பனையாளர் சொன்னார் என்று புது பிரிட்ஜ் வாங்குகிறோம். கடன் வாங்கிக் கூரையில் சோலார் பலகை வைக்கிறோம். எதில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.

வீட்டில் எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, அதில் எவ்வளவு வீணாகிறது, எதை முதலில் சரிசெய்தால் போட்ட பணம் விரைவில் திரும்பும் என்று கணக்கிடுவதே வீட்டு மின் கணக்கெடுப்பு. ஆலைகளுக்கு இதைச் செய்ய, 2001ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ் சான்று பெற்ற தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு கைக்கடிகாரம், கடந்த ஓராண்டின் ஆறு மின் பில்கள் இருந்தால் பெரும்பகுதியை நீங்களே செய்துவிடலாம். வெளியாள் ஒருவர் வந்து அறிக்கை கொடுத்தாலும் அது சரியா, தவறா என்று உங்களால் சொல்ல முடியும்.

ஆறு பில்லும் வேண்டும்

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது ராயகிரி. குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பகுதியில் காற்று வீசும். அந்த மாதங்களில் இரவில் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிடுகிறோம். சித்திரை, வைகாசி வெயிலில் பகலிலும் மின்விசிறி நிற்பதில்லை. ஆகவே சாரல் காலத்து பில்லை மட்டும் பார்த்தால் நிலைமை நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அக்கினி நட்சத்திரக் காலத்து பில்லை மட்டும் பார்த்தால் பயம் வரும். ஓராண்டின் ஆறு பில்களையும் வரிசையாக எழுதினால்தான் உங்கள் வீட்டின் போக்கு தெரியும். ஒரே ஒரு பில்லை வைத்துத் தயாரித்த அறிக்கையை நம்பிப் பணம் போடாதீர்கள்.

பில்லில் தொகையைவிட யூனிட் எண்ணிக்கைதான் முக்கியம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். பயன்பாடு கூடக் கூட, யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். அதிலும் 500 யூனிட் என்பது ஒரு பெரிய வரப்பு. 2022 செப்டம்பரில் அறிவித்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு ரூ.1,725. அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலை போய்விடும்; 501 யூனிட்டுக்கு ரூ.1,958 கட்ட வேண்டும். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு ரூ.233! அதன் பிறகு கட்டணம் திருத்தப்பட்டுள்ளது. நடப்பு விலையை உங்கள் பில்லில் பார்த்து, கீழே உள்ள கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கிடும் முறை மாறாது.

மீட்டரே அளவுகோல்

வாட் அளவை ஆயிரத்தால் வகுத்து, ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் யூனிட் வரும். 75 வாட் மின்விசிறி 10 மணி நேரம் ஓடினால் 0.75 யூனிட். சாதனத்தின் மேல் ஒட்டியுள்ள வாட் அளவைக் கொண்டு கணக்குப் போடலாம். ஆனால் பழைய சாதனங்களில் அந்த எண் அழிந்திருக்கும். அங்கே மீட்டரே உதவும்.

மின்னணு மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் 3,200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு மின்விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். 6 நிமிடத்தில் விளக்கு 24 முறை மின்னினால், ஒரு மணி நேரத்துக்கு 240 முறை. அதை 3,200 ஆல் வகுத்தால் 0.075 யூனிட், அதாவது 75 வாட்.

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் விளக்கு மின்னுகிறதா? ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது வயரிங்கில் கசிவு இருக்கலாம். ஈரச் சுவரில் மின் கசிவு இருந்தால் காசு விரயத்தோடு உயிருக்கும் ஆபத்து. உடனே எலக்ட்ரீசியனை அழைத்துப் பாருங்கள். கணக்கெடுப்பில் இதுதான் முதல் சோதனை.

பிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் அதை 6 நிமிடத்தில் அளக்க முடியாது. குடும்பத்தோடு வெளியூர் போகும் நாளில் பிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, புறப்படும்போதும் திரும்பியதும் மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

உதாரணமாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏ.சி. இல்லை. கோடையில் இரண்டு மாதச் செலவு இப்படி இருக்கிறது:

மின்விசிறி 5 (75 வாட், இரண்டு தினம் 18 மணி நேரம், மூன்று 8 மணி நேரம்) – 270 யூனிட்
பழைய பிரிட்ஜ் (நாளுக்கு ஒன்றரை யூனிட்) – 90 யூனிட்
சோக்குடன் கூடிய பழைய டியூப் லைட் 3 (தினம் 5 மணி நேரம்) – 45 யூனிட்
வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் (தினம் 40 நிமிடம்) – 44 யூனிட்
மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி – 25 யூனிட்
செட்டாப் பாக்ஸ், சார்ஜர் போன்றவை (இரவு பகலாக 15 வாட்) – 22 யூனிட்
டி.வி. – 18 யூனிட்

மொத்தம் 514 யூனிட். 2022 கட்டணப்படி ரூ.2,062.

சத்தமாக ஓடும் மிக்ஸியும் கிரைண்டரும்தான் மின்சாரத்தைத் தின்கின்றன என்று பலரும் நினைக்கிறோம். அவை ஓடுவது சில நிமிடங்கள்தான். சத்தமில்லாமல் நாள் முழுக்கச் சுற்றும் மின்விசிறிதான் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பட்டியலைப் போட்டுப் பார்க்காமல் இது தெரியாது.

வரிசைதான் லாபம்

இனி முக்கியமான கட்டம். எதை முதலில் செய்வது?

முதல் படி, காசு செலவில்லாதது. செட்டாப் பாக்ஸைப் பயன்படுத்தாத நேரத்தில் ரிமோட்டில் நிறுத்தாமல் சுவர் சுவிட்சிலேயே நிறுத்தினால் 14 யூனிட் மிஞ்சும். தொட்டி நிரம்பி வழிவதைப் பார்க்காமல் மோட்டார் தினம் 10 நிமிடம் கூடுதலாக ஓடுகிறது என்றால், அதைத் தடுப்பதில் 11 யூனிட். மொத்தம் 25 யூனிட். பயன்பாடு 489 ஆகி, 500 என்ற வரப்புக்குள் வந்துவிடும். பில் ரூ.1,659. ஒரு பைசா செலவில்லாமல் ரூ.403 மிச்சம்.

இரண்டாவது, சிறு செலவு. மூன்று டியூப் லைட்டையும் 20 வாட் எல்.இ.டி.யாக மாற்ற சுமார் ரூ.750 ஆகும். 27 யூனிட் குறையும், ஒவ்வொரு பில்லிலும் ரூ.162 மிச்சம். ஐந்து பில்லில் போட்ட பணம் திரும்பிவிடும்.

மூன்றாவது, அதிக நேரம் ஓடும் இரண்டு மின்விசிறிகளை மட்டும் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றுவது. ஒன்று ரூ.3,000 என்று வைத்தால் செலவு ரூ.6,000. குறைவது 97 யூனிட், மிச்சம் ரூ.530. பதினோரு, பன்னிரண்டு கோடைக் கணக்கு பில்லில் பணம் திரும்பும். சாரல் மாதங்களில் மிச்சம் குறையும் என்பதால் இரண்டரை ஆண்டு என்று வைத்துக்கொள்வது நல்லது. இந்த மின்விசிறிகளைப் பழைய ரெகுலேட்டருடன் இணைக்கக் கூடாது என்பதையும் எலக்ட்ரீசியனிடம் சொல்லிவிடுங்கள்.

நான்காவது, மீதி மூன்று மின்விசிறிகள். அவையும் அதே விலைதான், ரூ.9,000. ஆனால் குறைந்த நேரமே ஓடுவதால் மிச்சம் ஒரு பில்லுக்கு ரூ.292 மட்டுமே. பணம் திரும்ப ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். இவற்றைப் பழுதாகும்போது மாற்றினால் போதும்.

பிரிட்ஜ்? புதியது வாங்கினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட் குறையலாம். மிச்சம் சுமார் ரூ.270. விலை ரூ.15,000 என்றால் பணம் திரும்ப 9 ஆண்டு. அதனால் ஓடுகிற பிரிட்ஜை மின் சிக்கனத்துக்காக மட்டும் மாற்ற வேண்டாம். கதவின் ரப்பர் சரியாக ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் அது எளிதாக வரக் கூடாது. சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். உண்மையிலேயே புதிது வாங்கும் நாளில், நட்சத்திரங்களின் எண்ணிக்கையோடு ஸ்டிக்கரில் உள்ள ஆண்டு யூனிட் அளவையும் ஒப்பிடுங்கள். மின்விசிறிக்கும் 2023 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு கட்டாயம்.

ஒரே பொருள், ஒரே விலை. ஆனால் 18 மணி நேரம் ஓடும் இடத்தில் மாற்றினால் நல்ல முதலீடு, 8 மணி நேரம் ஓடும் இடத்தில் மாற்றினால் அவசரச் செலவு. கணக்கெடுப்பின் பயன் இந்த வரிசையைக் காட்டுவதில்தான் இருக்கிறது.

பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் சிறு பெட்டிகளில் ஏமாற வேண்டாம். அவற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறு கெப்பாசிட்டர். வீட்டு மீட்டர் நாம் உண்மையாகப் பயன்படுத்தும் யூனிட்டுக்குத்தான் கணக்கு எழுதுகிறது. கெப்பாசிட்டர் அந்த அளவைக் குறைக்காது.

கூரையும் கணக்கில் சேரும்

குளிர் நாடுகளில் வீட்டைக் கணக்கெடுக்க வருபவர், கதவு ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டின் சூடு எங்கே வெளியேறுகிறது என்று தேடுவார். நமக்கு நேர் எதிர். சூடு எங்கே உள்ளே வருகிறது என்று தேட வேண்டும். கான்கிரீட் வீட்டில் அது பெரும்பாலும் மொட்டை மாடி. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவெல்லாம் அதை அறைக்குள் விடுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிவிடுகிறது.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் குடியிருப்புக் கட்டடங்களுக்கென ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் நுழையலாம் என்பதற்கு அதில் உச்சவரம்பு உண்டு. காப்பு எதுவும் இல்லாத வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப்போல இரு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உள்ளே விடும். புதிதாக வீடு கட்டுபவர்கள் தளத்தின் மேல் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பதை வீண் செலவு என்று விட்டுவிட வேண்டாம். கட்டிய வீடு என்றால் கோடைக்கு முன் தளத்தைக் கழுவி வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது மலிவான வழி. மேற்குச் சுவருக்கு நிழல் தர முருங்கையோ வேம்போ நட்டால் மாலை வெயில் சுவரைத் தாக்காது. ஏ.சி. வாங்க நினைப்பவர்கள் இவற்றை முடித்த பிறகு, எவ்வளவு பெரிய ஏ.சி. வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

கிணற்று மோட்டாரை விட்டுவிடாதீர்கள்

விவசாயி வீட்டின் கணக்கெடுப்பு வாசலோடு முடிவதில்லை. "தோட்டத்து மின்சாரம் இலவசம்தானே, அதை ஏன் அளக்க வேண்டும்?" என்று கேட்கலாம். தமிழக விவசாயிகள் அனைவருக்கும் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம் என்பது உண்மைதான். ஆனால் மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரம் அளவானது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதில்தான் நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் நிற்கின்றன. மோட்டார் எரிந்து காயில் கட்டும் செலவும், அந்த நாட்களில் வாடும் பயிரும் இலவசம் அல்ல.

அளப்பது எளிது. 200 லிட்டர் டிரம் 30 விநாடியில் நிரம்பினால், விநாடிக்கு 6.67 லிட்டர். கிணற்று நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் விழும் குழாய் வாய் வரை உள்ள உயரத்தோடு குழாய் உராய்வுக்குச் சிறிது சேர்த்து 20 மீட்டர் என்று வைப்போம். 6.67ஐ 20ஆல் பெருக்கி 102ஆல் வகுத்தால் 1.31 கிலோவாட். தண்ணீரை மேலே கொண்டுவர உண்மையில் தேவைப்படும் ஆற்றல் இவ்வளவுதான். மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைக் கிளாம்ப் மீட்டர் வைத்து எலக்ட்ரீசியன் அளந்து சொல்வார். பெட்டியைத் திறந்து நீங்களே கை வைக்க வேண்டாம். 400 வோல்ட், 8 ஆம்பியர், திறன் காரணி 0.8 என்றால் 4.43 கிலோவாட். 1.31ஐ 4.43ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 30 சதவீதம். நூற்றில் எழுபது பங்கு சூடாகவும் அதிர்வாகவும் உராய்வாகவும் போகிறது.

நல்ல பம்ப்செட் 50 சதவீதத்தை எட்ட வேண்டும். அப்படியானால் இதே தண்ணீருக்கு 2.6 கிலோவாட் போதும். 5 எச்.பி. செய்யும் வேலையை, பொருத்தமாகத் தேர்ந்த 3 எச்.பி. செய்துவிடும். ஆனால் இங்கும் மோட்டாரை மாற்றுவது கடைசிப் படிதான். அடைத்துக்கொண்ட பழைய புட் வால்வை மாற்றுங்கள். தேவையில்லாத வளைவுகளை எடுங்கள். தண்ணீர் விழும் குழாயைத் தொட்டிக்கு மேல் உயரத் தூக்கி வைத்திருந்தால் இறக்குங்கள். 20 மீட்டரில் ஒரு மீட்டர் குறைந்தாலே மோட்டாரின் சுமை 5 சதவீதம் குறைகிறது. கெப்பாசிட்டர் இங்கே பயன்படும். வயரில் ஓடும் ஆம்பியரையும் வோல்டேஜ் இறக்கத்தையும் அது குறைக்கும். ஆனால் தேய்ந்த பம்பைச் சரிசெய்யாது.

நீர்மட்டம் கோடையில் ஓர் ஆழத்திலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வேறு ஆழத்திலும் இருக்கும். இரண்டு முறையும் அளந்த பிறகே புது மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். கிணற்றில் ஊறும் அளவுக்கு மேல் இறைக்கும் பெரிய பம்ப், கிணற்றைச் சீக்கிரம் வற்றவைத்து வெறும் காற்றில் ஓடும்.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம் மங்கள்வேடா பகுதியில் எரிசக்தித் திறன் பணியகத்தின் முன்னோடித் திட்டத்தில், கள அளவீட்டு ஆய்வு நடத்திய பிறகு 2,200க்கும் மேற்பட்ட பழைய பம்ப்செட்டுகளை மாற்றினார்கள். அங்கும் அளவீடு முதலில், மாற்றம் பிறகு. தமிழகத்தில் பழைய மோட்டாரை மாற்றுவதற்கான மானியத்தைச் சிறு, குறு விவசாயிகள் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

சோலார் கடைசியில்

பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024இல் தொடங்கியது. அப்போது அறிவித்தபடி வீட்டுக்கூரைச் சோலாருக்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். ஒரு கிலோவாட் பலகை நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். நமது உதாரண வீடு 514 யூனிட்டில் இருக்கும்போது சோலார் போட்டால் 2 கிலோவாட் கேட்கும். முதல் மூன்று படிகளை முடித்து 365 யூனிட்டுக்கு வந்த பிறகு போட்டால், 1 கிலோவாட்டிலேயே பெரும்பகுதி ஈடாகிவிடும். வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துச் சோலார் போடுவது, வாய்க்கால் உடைப்பை அடைக்காமல் இன்னொரு கிணறு வெட்டுவதைப் போன்றது.

அறிக்கை வந்தால் கேளுங்கள்

வெளியாள் ஒருவர் உங்கள் வீட்டைக் கணக்கெடுத்து அறிக்கை கொடுத்தால் ஐந்து கேள்விகள் கேளுங்கள். ஓராண்டு பில்லையும் பார்த்தாரா? ஒவ்வொரு எண்ணும் அளந்ததா, அனுமானமா? சாதனவாரியாகக் கூட்டிய யூனிட், பில்லில் உள்ள யூனிட்டோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறதா? ஒவ்வொரு பரிந்துரைக்கும் செலவு, மிச்சம், பணம் திரும்பும் காலம் மூன்றும் எழுதியிருக்கிறாரா? அறிக்கை கொடுத்தவரே பொருளையும் விற்கிறாரா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், வேறொருவரிடம் விலை கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் உழவர் ஆர்வலர் குழுக் கூட்டங்களில் மண் வள அட்டையோடு இந்தக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுக் காட்டலாம். ஒரு டிரம்மும் கைக்கடிகாரமும் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் நான்கைந்து கிணறுகளை அளந்துவிடலாம். பெண்கள் குழுக்களில் மீட்டர் விளக்கை எண்ணிக் காட்டினால் வீட்டுக் கணக்கு எளிதில் பிடிபடும். வீட்டில் எது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

இந்த வாரம் ஒரு நோட்டை எடுத்து ஆறு பில்லின் யூனிட்டையும் எழுதுங்கள். இரவு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்டர் விளக்கைப் பாருங்கள். மறுநாள் ஒவ்வொரு மின்விசிறியும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறியுங்கள். தோட்டத்துக்குப் போகும்போது ஒரு டிரம்மைக் கொண்டுபோங்கள். பணத்தை எடுப்பது அதற்குப் பிறகு.